நீலச் சட்டைக்காரரின் முகம்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு சரித்திர வாத்தியாருக்கு அவர் வீட்டுச் சரித்திரத்தைச் சுவரில் வரைந்து கொடுத்திருக்கிறேன். இதைப் பெருமையாகச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

பள்ளிக்கூடத்தை விட்டதும் விருதுநகரில் சினிமா பேனர் வரையும் பட்டறையில் சேர்ந்தேன். ஏழு வருஷம் இருந்தேன். ஒரே இடத்தில் நான் அவ்வளவு காலம் இருந்தது அங்கே மட்டும்தான். ஃபிளெக்ஸ் வந்தது, பட்டறை மூடியது, நான் ஏஜெண்ட் வழியாக ஓமானில் சலாலாவுக்குப் போனேன். அங்கே ரோட்டில் கோடு போட்டேன். பிறகு புஜைராவில் கப்பல் அடிப்பாகத்தில் துரு சுரண்டி வர்ணம் அடித்தேன். இரண்டு மாதம் தும்மினால் சிவப்பாக வந்தது. அதற்காக அந்த வேலையை விடவில்லை, அலுத்துப் போனதால் விட்டேன். கடைசியில் ஷார்ஜாவில் ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனி. விசாவில் என் தொழில் ஹெல்ப்பர். தொழில்பேட்டையில் கேம்ப், ஒரு ரூமில் எட்டுப் பேர், காலை ஐந்தரைக்கு பஸ். எங்கே இறக்கி விடுகிறார்களோ அங்கே சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும்.

அந்த வருஷம் ஷார்ஜாவிலேயே முவைலா என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டியூட்டி விழுந்தது. அமெரிக்கப் பாடத்திட்டம் சொல்லித்தரும் பள்ளிக்கூடம். வார விடுமுறை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனி என்று மாறியிருந்த சமயம். நானும், ரூமில் எனக்குக் கீழ்க் கட்டிலில் படுக்கும் எலெக்ட்ரீஷியன் ஒருவனும் போனோம். அவன் புதுக்கோட்டைப் பக்கம். கை நல்ல கை, வாய் அதைவிட நீளம்.

பஸ் நிற்கும் இடத்தில் தரையில் ஆங்கில எழுத்து எழுதச் சொன்னார்கள். எழுத்து வெட்டிய தகடு எங்கேயோ காணாமல் போயிருந்தது. நான் நூலில் சுண்ணாம்பு தடவி அடித்துக் கோடு போட்டு, கையாலேயே எழுதினேன். ஆங்கிலம் எனக்கு வாசிக்க வருவதைவிட வரைய நன்றாக வரும். எழுதி முடித்து நிமிர்ந்தால் ஒரு வாத்தியார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்கக் கறுப்பர். ஐம்பதைத் தாண்டியவர், ஆறடிக்கு மேல் உயரம், சட்டையைத் துளி சுருக்கமில்லாமல் தேய்த்துப் போடுகிறவர். என்னையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்து, "சாரி சார்," என்றேன். அவர் சிரித்துவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார்.

நூலகத்தில் வேலை பார்த்த பெண் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். முப்பது வயது இருக்கும். வாத்தியார் அவளிடம் பேச, அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அண்ணை, நீங்கள் படம் கீறுவியளோ எண்டு கேக்கிறார்."

"கீறுறதுன்னா?"

"வரையிறது."

"வரைவேன் மேடம். முன்னாடி பேனர் வரைஞ்சிருக்கேன். சினிமாவுக்கு."

"என்னை மேடம் எண்டு கூப்பிடாதேங்கோ. பிரின்ஸிபலைத்தான் நான் அப்பிடிக் கூப்பிடுறது, எனக்கு வேண்டாம்."

வாத்தியார் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. திறந்தால் உள்ளே இரும்புத் தகட்டில் ஒரு புகைப்படம். கறுப்பு இளைஞர் ஒருவர் ராணுவச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தகடு அங்கங்கே துருப்பிடித்திருந்தது. முகம் நிழல் மாதிரிதான் தெரிந்தது. ஆனால் சட்டைப் பொத்தான்கள் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தன. புகைப்படக்காரர் மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பொத்தானிலும் தங்க வர்ணம் தொட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் புகைப்படக்காரரைப் பிடித்துப்போனது. நூற்றி நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து, எட்டுப் பொத்தானையும் விடாமல் தொட்டிருக்கிறார்.

படத்தில் இருந்தவர் வாத்தியாருடைய அம்மாவின் தாத்தா. பருத்தித் தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர். மாடு கன்று மாதிரி அவரை வாங்கவும் விற்கவும் முடியும். அடிமைகளை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் தனியாகப் பிரிந்துபோக, வடக்கு மாநிலங்களுக்கும் அவர்களுக்கும் நாலு வருஷம் சண்டை நடந்தது. அந்தச் சண்டையின் நடுவில் இவர் தோட்டத்தை விட்டு ஓடி, ஆற்றை நீந்திக் கடந்து, வடக்குப் படையில் சேர்ந்து நீலச் சட்டை வாங்கிக்கொண்டார். சட்டை கிடைத்த வாரமே எடுத்த படம் அது.

"வகுப்புக்கு வெளியில இருக்கிற சுவரில இவரைப் பெரிசாக் கீற வேணுமாம்," என்றாள் நூலகப் பெண். "வாற வியாழக்கிழமை பெற்றோர் எல்லாரும் வாற நாள். இவற்றை அம்மாவும் அமெரிக்காவில இருந்து வாறாவாம். எண்பத்து நாலு வயசு. இந்தத் தாத்தாவை நேரில பாத்தவையில இப்ப உயிரோட இருக்கிறது அவ ஒராள்தானாம்."

வாத்தியார் விரலை நீட்டி மணிக்கட்டைக் காட்டி, பத்து மணி என்றார். வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மா சுவர் முன்னால் நிற்பார். தன் தாத்தாவை அவருக்கு அடையாளம் தெரிய வேண்டும். வாத்தியார் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் சூப்பர்வைசர் பெஷாவர்காரர். பிரின்ஸிபல் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டியதும், "அச்சா, பாய். லேகின் ஜல்தி," என்றார். சரி, ஆனால் சீக்கிரம்.

பேனர் வேலையில் முகம் வரைவதற்கு ஒரே வழிதான். சின்னப் படத்தின் மேல் கட்டம் போட வேண்டும். அதே எண்ணிக்கையில் சுவரிலும் பெரிய கட்டம் போட வேண்டும். பிறகு முகம் என்று நினைக்காமல், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன கோடு போகிறது என்று மட்டும் பார்த்துக் கொண்டுபோக வேண்டும். தகட்டின் மேல் கை வைக்க முடியாது என்பதால் வாத்தியார் அதைப் பெரிதாக்கித் தாளில் எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பஸ் ஏறிப் போனதும் சாரத்தில் ஏறி நூல் அடித்தேன். அன்றைக்கே உருவம் வந்துவிட்டது. திங்கட்கிழமை சட்டையை முடித்தேன். சுவர் வர்ணத்தில் கலக்கும் ஸ்டெயினர் குப்பிகள்தான் எனக்கு இருந்தவை. நீலத்தோடு ஒரு சொட்டுக் கறுப்பு, ஒரு சொட்டுச் சிவப்பு கலந்தால் அந்தக் கம்பளிச் சட்டையின் கனம் வந்தது. பொத்தான்களை நானும் விடவில்லை. எட்டு.

செவ்வாய்க்கிழமை முகம். இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தேன்.

பேனரில் கதாநாயகனுக்கு என்று ஒரு நிறம் உண்டு. ரோஸ். நடிகர் நேரில் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் பேனரில் ரோஸ்தான். கன்னத்தில் ரோஸ், நெற்றியில் எலுமிச்சை மஞ்சள், உதட்டில் சிவப்பு, தாடை ஓரத்தில் கொஞ்சம் ஊதா. கண் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கறுப்பு வில்லனுக்கு. ஏழு வருஷம் அப்படி வரைந்த கை. அடிமையாகப் பிறந்து, ஓடித் தப்பி, துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்ட மனிதரை இந்தக் கைக்கு வேறு எப்படி வரையத் தெரியும்? முழு மரியாதையோடு அவரைக் கதாநாயகனாக்கினேன். சாரத்திலிருந்து இறங்கிப் பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. பளபளவென்று இருந்தார்.

எலெக்ட்ரீஷியன் ஏணியோடு அந்த வழியாக வந்தான். "சூப்பரா இருக்குடா மாப்ள. மாலை போட்டுப் பாலை ஊத்த வேண்டியதுதான் பாக்கி," என்றான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வாத்தியார் வந்தார். கையில் பை. சுவரைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். நான் பாராட்டை எதிர்பார்த்துக் கீழே நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே மெதுவாக, இது யார் என்று கேட்டார்.

"யுவர் கிராண்ட்ஃபாதர் சார்," என்றேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நூலகப் பெண் வந்தாள். பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அண்ணை, என்ன செய்து வச்சிருக்கிறியள்? வெள்ளைக்காரனை எல்லோ கீறியிருக்கிறியள்."

"வெள்ளைக்காரன் இல்லை தங்கச்சி, அது ஹீரோ கலரு. நாங்க நல்லவங்கள அப்பிடித்தான் போடுவோம்."

"உங்கட ஊரில போடுவியள். அந்த ஆளைக் கட்டி வச்சு அடிச்சது இந்த நிறம். அந்த நிறத்தையே அவற்றை முகத்தில பூசினால்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்த பிறகு சும்மா நிற்க முடியவில்லை. போய்க் கதவைத் தட்டினேன். அவளும் கூட வந்தாள். வாத்தியார் மேசையில் கை இரண்டையும் வைத்து உட்கார்ந்திருந்தார். கோபமாக இல்லை. களைத்த மாதிரி இருந்தார். நான் தமிழில் சொன்னேன், அவள் மாற்றிச் சொன்னாள். எங்கள் ஊரில் கறுப்பு நடிகரையும் ரோஸில்தான் வரைவோம், எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான், கேவலப்படுத்த வேண்டும் என்று செய்யவில்லை என்றேன்.

அவர் கேட்டதை அவள் சொன்னாள். "அந்த நடிகருக்குக் கோபம் வராதோ எண்டு கேக்கிறார்."

"வராது. ரோஸ் கம்மியா இருந்தாத்தான் கோபம் வரும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து ஒன்று கேட்டார். அதைச் சொல்ல அவள் தயங்கினாள்.

"உங்களை ஆரும் கீறினால் என்ன நிறத்தில கீறுவினம் எண்டு கேக்கிறார்."

நானும் கறுப்பன்தான். கரிசல் மண்ணில் பிறந்து, சலாலா வெயிலில் ரோட்டில் முட்டி போட்டவன். "என்னை யாரு வரையப் போறா சார்," என்றேன்.

அவர் எழுந்து வந்து சுவரைக் காட்டினார். நாளைக் காலை பத்து மணி என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு எட்டு மணிக்கு மேல் எனக்கு அஜ்மானில் ஒரு வில்லாவில் டியூட்டி போட்டிருந்தது. வாத்தியார் பிரின்ஸிபலிடம் பேசி, பிரின்ஸிபல் எங்கள் ஆபீஸுக்குப் பேசி, மதியம் வரை ஆகிவிட்டது. இரண்டு மணிக்கு சூப்பர்வைசர் போனில், "கலாஸ், பேசி முடிஞ்சது. ஆறு மணிக்கு பஸ் வரும். அதுக்குள்ளே முடி," என்றார். நாலு மணி நேரம் இருந்தது.

ரோஸ் முகத்தின் மேல் ஒரு பூச்சு வெள்ளை அடித்து, காற்றாடியைத் திருப்பி வைத்துக் காய வைத்தேன். மறுபடியும் கட்டம் போட்டேன். எலெக்ட்ரீஷியன் விளக்கு மாட்ட வந்தவன் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"இதுக்கு ஏன்டா இவ்வளவு ரோசனை? கறுப்பு டப்பாவைத் திற, அடி, போய்க்கிட்டே இரு."

"வெறும் கறுப்பை அடிச்சா முகம் வராது. சுவத்துல ஓட்டை போட்ட மாதிரி இருக்கும்."

"அப்ப என்ன பண்ணுவ?"

எனக்கும் தெரியவில்லை. முகத்தைக் கறுப்பில் நான் வரைந்ததே இல்லை. அப்புறம் ஞாபகம் வந்தது, வரைந்திருக்கிறேன். பேனர் வேலை இல்லாத மாதங்களில் கருப்பசாமி சிலைகளுக்கு வர்ணம் அடிக்கப் போவோம். சாமியை வெறும் கறுப்பில் விட மாட்டோம். அடியில் காவி, மேலே நீலம் கலந்த கறுப்பு, மூக்குத் தண்டிலும் கன்னத்து மேட்டிலும் எண்ணெய் மின்னுவது மாதிரி ஒரு வெளிச்சம். கும்பிட வருகிறவர்கள் அந்த முகத்துக்கு நேராக நிற்கவே யோசிப்பார்கள். கறுப்பு வில்லனுக்கு என்று சொல்லிக்கொடுத்த அதே ஊரில் அந்தச் சாமியும் இருந்தது. எனக்கு அதுவரைக்கும் இரண்டையும் சேர்த்து நினைக்கத் தோன்றியதில்லை.

ஆனால் சிலை சிலைதான். மனிதத் தோலில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்க ஆள் வேண்டும். வகுப்புக் கதவைத் தட்டி, "சார், சிட் ஹியர். ஒன் அவர்," என்றேன். அவர் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியை எடுத்துவந்து, சுவருக்குப் பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எலெக்ட்ரீஷியனையும் நிற்கச் சொன்னேன். அவன் இளவயசுக்காரன், தோல் இறுக்கமாக இருக்கும். படத்தில் இருந்தவருக்கும் இருபது வயதுதான் இருக்கும்.

"என்னை எதுக்குடா? நான் எப்ப அமெரிக்காவுல போயிச் சண்டை போட்டேன்?"

"பேசாம நில்லு. தாடைய மட்டும் காட்டு."

"தாடைக்குத் தனிக் கூலி குடுக்கச் சொல்லு."

நூலகப் பெண்ணும் ஒரு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மூன்று மணியோடு டியூட்டி முடிந்துவிட்டது. நான் கலந்துகொண்டே கேட்டேன், சண்டையில் ஜெயித்த பிறகு அவர் என்ன ஆனார் என்று.

வாத்தியார் அசையாமல் சொன்னார். அவள் வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கினாள். சண்டை முடிந்ததும் அவர் பிறந்த ஊருக்கே திரும்பிப் போனார். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டே போனார். அதே பருத்திக் காட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்து விவசாயம் செய்தார். ஓட்டுப் போட்டார்.

"அப்ப எல்லாம் சரியாப் போச்சா?"

அதைக் கேட்டு வாத்தியார் மூக்கால் சிரித்தார்.

"கொஞ்சக் காலம் நல்லா இருந்ததாம். பிறகு ஓட்டைப் பறிச்சிட்டினமாம். சட்டம் போட்டும், அடிச்சும். இவர் சின்னப் பிள்ளையா இருக்கேக்கையும் கறுப்பருக்கு வேற பள்ளிக்கூடம், குடிக்கிற தண்ணிக் குழாயும் வேறயாம்."

"இவரு பாத்தாரா?"

"ஓம், இவரேதான். அந்தத் தண்ணியக் குடிச்சவர்தான் இவர்."

எலெக்ட்ரீஷியன் தாடையைத் திருப்பாமலே, "எங்க ஊரு டீக்கடை மாதிரி," என்றான். அவள் அதை மொழிபெயர்த்தாளா என்று தெரியவில்லை. வாத்தியார் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு அவர் சொன்னதை அவள் உடனே சொல்லவில்லை. ஒரு தடவை அவரிடம் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

"அவையின்ட ஊர்க் கோர்ட்டு வாசலில ஒரு சிலை இருக்குதாம் அண்ணை. மற்றப் பக்கத்துப் படைக்காரன்ர சிலை. தோத்த பக்கம். அடிமை வேணும் எண்டு சண்டை பிடிச்ச பக்கம். அதுக்கு வருசா வருசம் மாலை போடுறவையாம். இந்தத் தாத்தாவுக்கு ஒரு கல்லும் இல்லையாம். இந்தத் தகட்டுப் படம் மட்டும்தானாம்."

நான் தூரிகையை நிறுத்திவிட்டேன். சிலைகளுக்கும் கட்-அவுட்டுகளுக்கும் குறைவில்லாத ஊரிலிருந்து வந்தவன் நான். தோற்றவனுக்குச் சிலை வைத்து ஜெயித்தவனை விட்டுவிட்டார்கள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்," என்றாள் அவள், இது மொழிபெயர்ப்பு இல்லை. "ஆல்பம் எல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு. அப்பான்ர அடையாள அட்டைப் படம் ஒண்டுதான் மிச்சம். இப்ப ஊரில திரும்பச் சண்டை துவங்கிட்டுது. அதுவும் எங்க இருக்குதோ." சொல்லிவிட்டு, "நீங்கள் கீறுங்கோ, நேரம் போகுது," என்றாள்.

வாத்தியார் தன் கையை நீட்டி நகத்தோரத்தைக் காட்டினார். சின்ன வயதில் அவரும் பருத்தி எடுத்திருக்கிறார். காய்ந்த காயின் முனை நகத்துக்குள் ஏறும் என்றார். எனக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. என் அம்மா வருஷம் தவறாமல் பருத்தி எடுத்தவர். மாசி மாதம் முழுக்க அவர் விரல்களில் ரத்தம் கட்டியிருக்கும், சோறு பிசையும்போது முகம் சுளிப்பார். என் விரலைக் காட்டி, "மை மதர். சேம்," என்றேன். அவர் தலையசைத்தார்.

காவியும் நீலமும் சேர்ந்து அடியில் ஒரு சூடு வந்தது. ஜன்னல் வெளிச்சம் வாத்தியார் நெற்றியில் பட்ட இடத்தில் வெள்ளையோ மஞ்சளோ இல்லை, மெல்லிய வான நீலம் இருந்தது. அதை அப்படியே சுவரில் வைத்தேன். கண்ணுக்குக் கீழே காவி. உதடு சிவப்பில்லை, கொஞ்சம் ஊதா. படத்தில் இடது கண் வலது கண்ணைவிடச் சற்றுச் சிறியது. நேற்று ரோஸில் அதைச் சமப்படுத்தி வைத்திருந்தேன். இன்று கட்டத்துக்குள் என்ன இருந்ததோ அதை மட்டும் போட்டேன்.

ஐந்தே முக்காலுக்கு முடித்தேன். இந்தத் தடவை நான் தள்ளிப் போய்ப் பார்க்கவில்லை. வாத்தியார்தான் எழுந்து தள்ளிப் போனார். முட்டி மரத்துப் போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்த்தவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

எலெக்ட்ரீஷியன் மட்டும், "தாடை என்னுதுடா," என்றான். "ரூம்ல போயிச் சொன்னா ஒரு பய நம்ப மாட்டான்."

வியாழக்கிழமை எங்களை ஜெனரேட்டர் ரூம் பக்கம் இருக்கச் சொல்லியிருந்தார்கள். பெற்றோர் வரும் நாளில் கவரால் என்கிற வேலை உடுப்புப் போட்டவர்கள் நடைபாதையில் தெரியக்கூடாது. அது வழக்கம்தான், யாரும் அதற்காக வருத்தப்படுவதில்லை. நிழல் இருந்தது, டீ இருந்தது. பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை என்றால், வாத்தியார் நேற்றுத் துடைத்த கைக்குட்டைக்கு அர்த்தமே இல்லை. எனக்கும் இன்னொரு நாள் கிடையாது.

நூலகப் பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடி வந்தாள். "அண்ணை, அவற்றை அம்மா உங்களைக் கூப்பிடுறா. தூரிகையோட வரட்டாம்."

"எதுக்கு? தப்பா?"

"தெரியாது. வாங்கோ."

நடைபாதை முழுக்க ஆட்கள். அரபிப் பெற்றோர், இந்தியப் பெற்றோர், பிள்ளைகள், பிரின்ஸிபல். நடுவில் அந்த அம்மா. ஒல்லியான உடம்பு, தலையில் ஊதாத் தொப்பி. சக்கர நாற்காலி பின்னால் காலியாக நின்றது. அவர் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். உட்காரச் சொன்னதற்கு, தாத்தா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை என்று சொல்லிவிட்டாராம். என் கவராலில் காவி, நீலம் எல்லாம் ஒட்டியிருந்தது. அவர் அதைத்தான் முதலில் பார்த்தார். பிறகு பேசினார். குரல் உடம்பைவிடப் பெரிதாக இருந்தது.

"கண் சரியாம்," என்றாள் நூலகப் பெண். "கோபம் வந்தால் அந்தக் கண் இன்னும் சின்னனாகுமாம். நிறம் சரி. வாய் சரி. இது அவர்தானாம். ஆனா காது பிழையாம்."

வலப்பக்கக் காது. தகட்டில் அந்த இடத்தைத் துரு தின்றிருந்தது. கட்டத்துக்குள் ஒன்றும் இல்லாததால், மற்றக் காதைப் பார்த்து ஒரு காதை நானாகப் போட்டிருந்தேன்.

அந்த அம்மா தன் காதின் மேல் விளிம்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக் காட்டினார். அந்தத் துண்டு இருக்காது. சின்னப் பிள்ளையாக அவர் மடியில் உட்காரும்போதெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் விரலை வைத்துக்கொள்வாராம்.

"சண்டையிலயா போச்சு, இல்ல தோட்டத்துலயா?" என்று கேட்டேன்.

அவள் கேட்டுச் சொன்னாள். "தெரியாதாம். எத்தினை தரம் கேட்டாலும் அவர் சொன்னதில்லையாம்."

சாரத்தைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். எலெக்ட்ரீஷியன் எங்கிருந்தோ ஏணியைக் கொண்டுவந்து போட்டுப் பிடித்துக்கொண்டான். நான் ஏறினேன். சுவரின் சாம்பல் நிறத்தை எடுத்துக் காதின் மேல் விளிம்பில் வைத்தேன். அந்த அம்மா கீழேயிருந்து கையை அசைத்தார். இன்னும். கொஞ்சம் வைத்தேன். இன்னும். வெட்டின ஓரம் மழுங்கியிருக்க வேண்டும் என்று விரலால் காட்டினார். காவியில் ஒரு தடிப்பு வைத்து மழுக்கினேன். பிரின்ஸிபல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி நின்றார். அடுத்த வகுப்புக்குப் போக வேண்டிய பெற்றோரும் போகவில்லை. எங்கள் சூப்பர்வைசர் கதவோரத்தில் நின்றார், அவர்கூட ஜல்தி என்று சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடம் முழுக்க, நான் ஒரு காதை முடிப்பதற்காகக் காத்திருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கையை அசைக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். அதை யாரும் எனக்குத் தமிழில் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு மகனிடம் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, தாத்தாவுக்கு நேர் எதிரே போடச் சொல்லி, உட்கார்ந்தார்.